லைன் இல்லாமலே இரண்டு மோடமும் பேசும்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் வசிக்கிறோம். அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது போட்ட கணக்குகள் பழைய விண்டோஸ் 98 கணினியில் உள்ளன. அவற்றை எக்ஸ்பி லேப்டாப்புக்கு மாற்ற வேண்டும். இரண்டிலும் மோடம் இருக்கிறது, வீட்டு போனை வெட்டிவிட்டோம். லைன் இல்லாவிட்டால் 250 ரிங்கிட் பெட்டி வாங்க வேண்டும் என்கிறார் டவுன் கடைக்காரர். உண்மையா?

பதில்: அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். கணினியை 'விட்டுட்டுப் போங்க' என்றாலும் விடாதீர்கள். கேட்காமலே ஃபார்மட் செய்து, அப்புறம் 'டிஸ்க் போச்சு' என்று கையை விரிக்கும் கடைகள் இருக்கின்றன. அப்பாவின் கணக்கு திரும்பி வராது.

சாதாரண போன் வயர் ஒன்று போதும். இரண்டு மோடத்திலும் 'லைன்' என்ற துளையில் செருகுங்கள், 'போன்' துளையில் அல்ல. இரண்டிலும் விண்டோஸோடு வரும் ஹைப்பர்டெர்மினல் என்ற புரோகிராமைத் திறந்து, மோடத்தின் பெயரை விட்டுவிட்டு, அது இணைந்திருக்கும் காம் போர்ட்டை (COM என்று தொடங்கும் பெயர்) தேர்ந்தெடுங்கள். ஒன்றில் ஏடீ, எக்ஸ்3, டயலுக்கான டி என்று ஆங்கிலத்தில் சேர்த்து (ATX3D) அடித்து என்டரைத் தட்டுங்கள். டயல் டோனுக்குக் காத்திருக்காதே என்பதுதான் எக்ஸ்3. உடனே மற்றதில் ஏடீஏ (ATA) அடித்து என்டர். கீச்சுச் சத்தம் அடங்கியதும் திரையில் 'கனெக்ட்' வரும்.

வராவிட்டால்? சில மோடங்களுக்கு வயரில் கொஞ்சம் மின்சாரம் ஓட வேண்டும். முன்பு அதை டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கொடுத்தது. வயரின் நடு இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டும் வெட்டி, அந்த இடைவெளியில் 9 வோல்ட் பேட்டரியையும் 300 ஓம் ரெசிஸ்டரையும் ஒன்றன்பின் ஒன்றாக இணையுங்கள். மற்றக் கம்பியைத் தொடாதீர்கள். ரெசிஸ்டரை விட்டுவிடக் கூடாது. இந்த வயரைச் சுவரிலுள்ள போன் பிளக்கில் ஒருபோதும் செருகக் கூடாது. கடைக்காரர் விற்கும் பெட்டியும் பெரும்பாலும் இந்த மின்சாரத்தைத்தான் கொடுக்கும்.

'56கே மோடம் மாற்றினால் வேகம்' என்பார்கள், நம்பாதீர்கள். அந்த வேகத்துக்கு எதிர்முனை டிஜிட்டலாக இருக்க வேண்டும். வீட்டு மோடம் இரண்டும் பேசினால் 33.6 கிலோபிட்தான் உச்சம். ஒரு மெகாபைட்டுக்கு ஐந்து நிமிடம் ஆகும். கணக்கு ஃபைல்களுக்கு அது தாராளம்.

புது லைனுக்கும் விண்ணப்பிக்காதீர்கள். ஃபைபர் போனில் குரல் டேட்டாவாகப் போகிறது, பழைய மோடம் அதில் தடுமாறும். இதைக் கவுண்டரில் ஒருவர்கூடச் சொல்வதில்லை, ஃபாரத்தைத்தான் நீட்டுகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஃபைல்களை ஹைப்பர்டெர்மினலில் உள்ள இஸட்மோடம் (Zmodem) என்ற அனுப்பும் முறையில் அனுப்புங்கள், அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லேப்டாப்பில் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கும்வரை பழைய கணினியில் எதையும் அழிக்காதீர்கள்.