கப்பலில் சாப்பாடு, உடை, சலுகை: டிக்கெட் எடுக்கும் முன் தெரிய வேண்டியவை

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர், அங்கிருந்து குடும்பத்தோடு ஒரு வாரம் அலாஸ்காவுக்கோ கரீபியனுக்கோ சொகுசுக் கப்பலில் போய்வருவது இப்போது சகஜமாகிவிட்டது. இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அதைப் பற்றியே. பதில்கள் அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பணமெல்லாம் அமெரிக்க டாலரில்.

கேள்வி: அப்பா, அம்மா இருவரும் சுத்த சைவம், முட்டைகூடச் சாப்பிட மாட்டார்கள். ஏழு இரவு அலாஸ்கா பயணத்தில் பட்டினி கிடக்க நேருமா? சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா?

பட்டினி கிடக்க வேண்டாம், ஆனால் பஃபேயை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பஃபேயில் ஒரு பருப்பு, ஒரு காய்கறிக் குழம்பு, சோறு அநேகமாக இருக்கும். தினமும் இருக்கும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். ஒழுங்கான சைவச் சாப்பாடு கிடைக்கும் இடம், டிக்கெட்டிலேயே அடங்கிய பெரிய உணவுக்கூடம்தான்.

செய்ய வேண்டியது இது. முன்பதிவு முடிந்ததும் 'உணவுத் தேவை' என்ற பகுதியில் 'இந்திய சைவம், முட்டை கூடாது' என்று பதிவுசெய்யுங்கள். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. கப்பலில் ஏறிய அன்று மதியமே உணவுக்கூடத்துக்குப் போய், பொறுப்பாளரிடம் அந்தக் குறிப்பு வந்திருக்கிறதா என்று கேளுங்கள். பலர் இதைச் செய்வதில்லை, முதல் இரவு சாலட்டும் வேகவைத்த உருளைக்கிழங்குமாகப் போய்விடுகிறது. முதல் இரவு உங்கள் மேசைக்கு வரும் ஹெட் வெய்ட்டர்தான் இனி உங்களுக்கு முக்கியமான ஆள். சாப்பாடு முடிகிற நேரத்தில் மறுநாள் மெனுவைக் கொண்டுவருவார். அதில் எதை முட்டையில்லாமல் செய்ய முடியும், மெனுவில் இல்லாத பருப்பு, பனீர், ரொட்டி கிடைக்குமா என்று அப்போதே சொல்லிவைத்தால், மறுநாள் தனியாகச் சமைத்து வரும். சமையலறையில் இந்தியர்கள் இல்லாத பெரிய கப்பல் அபூர்வம். அவர்கள் செய்து தருவது பெரும்பாலும் வட இந்தியச் சமையல்தான். இட்லி, தோசை வேண்டுமென்றால் மாவு புளிக்க வேண்டுமே, ஒரு நாளாவது முன்னதாகக் கேட்க வேண்டும். அப்படியும் கிடைக்காமல் போகலாம். தயிர்சாதத்துக்குக் குறையில்லை: இனிப்பில்லாத தயிர் காலை பஃபேயில் இருக்கும், வெறும் சோறு கேட்டால் தருவார்கள்.

அவர்கள் கணக்கில் 'வெஜிடேரியன்' என்றால் முட்டையும் பாலும் சேர்ந்தது. ஆகவே 'முட்டை, மீன், இறைச்சிச் சாறு எதுவும் கூடாது' என்று பிரித்துச் சொல்லுங்கள். காய்கறி சூப்புக்கு அடிப்படையே கோழிச் சாறாக இருக்கலாம். சீசர் சாலட்டின் மேலூற்றில் நெத்திலி வகை மீன் உண்டு. தாய்லாந்து வகைப் பதார்த்தங்களில் மீன் சாஸ் ஊற்றுவார்கள். மூஸ், பன்னகோட்டா போன்ற இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கிலிருந்து எடுப்பது. உருளைக்கிழங்கு வறுவல் போட்ட எண்ணெயிலேயே மீனும் பொரித்திருப்பார்கள். இது பொறுக்காதவர்கள் வறுவல் பக்கமே போகாமல் இருப்பது நிம்மதி.

ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் மூன்றும் வேண்டாம். தீ அபாயம் என்று ஏறும்போதே பிடித்துவைத்து, இறங்கும் நாளில்தான் திருப்பித் தருவார்கள். வெந்நீர் கேட்டால் ஃபிளாஸ்க்கில் கிடைக்கும். வீட்டில் சமைத்ததைக் கொண்டுபோக முடியாது. கம்பெனி முத்திரையோடு இருக்கும் முறுக்கு, பருப்புப்பொடி பாக்கெட்டுகளுக்குப் பொதுவாகத் தடையில்லை. பஃபேயிலிருந்து எடுத்த ஆப்பிளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு துறைமுகத்தில் இறங்காதீர்கள். பழம் கரைக்குப் போகக் கூடாது, அபராதம்வரை போகும்.

கேள்வி: இரவுச் சாப்பாட்டுக்கு 'நிலையான நேரம்', 'விருப்ப நேரம்' என்று கேட்கிறார்கள். எதை எடுப்பது?

சைவக் குடும்பமென்றால் யோசிக்காமல் நிலையான நேரம். தினமும் ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர்கள். இரண்டாம் நாளிலிருந்து நீங்கள் விளக்க வேண்டியதில்லை, அவர்களே முட்டையில்லாததைப் பார்த்து வைப்பார்கள். விருப்ப நேரத்தில் தினமும் மேசை மாறும், ஆள் மாறும், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

நிலையான நேரம் இரண்டு பந்தியாக நடக்கும்: ஐந்தரையை ஒட்டி ஒன்று, எட்டு மணியை ஒட்டி ஒன்று. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முதல் பந்தி சௌகரியம், அதனால்தான் அது சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. கிடைக்கவில்லையென்றால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, ஏறிய அன்று நேரில் கேளுங்கள், மாற்றித்தர வாய்ப்பு அதிகம். விருப்ப நேரம்தான் வேண்டுமென்றால் ஆறரையிலிருந்து ஏழரைவரை வரிசை நீளும், அதற்கு முன்னோ பின்னோ போங்கள்.

கேள்வி: 'ஃபார்மல் நைட்' அன்று கோட்டு சூட்டு கட்டாயமா? அப்பா வேட்டிதான் கட்டுவார்.

கப்பலுக்குக் கப்பல் மாறும். நார்வீஜியன் நிறுவனக் கப்பல்களில், எல்லோரும் உயர்தர உடையில் வரும் இந்த விருந்து இரவு கட்டாயமே கிடையாது. ராயல் கரீபியன், பிரின்சஸ் கப்பல்களில் ஏழு இரவுப் பயணத்தில் வழக்கமாக இரண்டு இரவு வரும், பெயர் மட்டும் அவ்வப்போது மாறும். நல்ல முழுக்கால் சட்டையும் காலர் வைத்த சட்டையும் இருந்தால் இப்போதெல்லாம் அங்கே யாரும் தடுப்பதில்லை. கண்டிப்பு அதிகம் குனார்டு நிறுவனத்தில்தான். குவீன் மேரி 2 போன்ற அவர்கள் கப்பல்களில் மாலை ஆறு மணிக்கு மேல் பெரும்பாலான பொது இடங்களில் உடை விதி உண்டு, 'காலா' எனப்படும் விருந்து இரவுகளில் ஆண்களுக்கு டக்ஸீடோ என்ற விருந்துக் கோட்டு அல்லது டையோடு அடர்நிற சூட்டு. அதே விதியில் தேசிய உடைக்கும் இடம் இருக்கிறது. ஆக, பட்டு வேட்டி சட்டையும் பட்டுப் புடவையும் விதிப்படியே விருந்து உடைதான், யாரிடமும் தயங்க வேண்டியதில்லை. சூட்டு வாங்குவதற்கோ வாடகைக்கு எடுப்பதற்கோ செலவிடுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது காற்று. மேல்தளக் கதவைத் திறந்ததும் வேட்டி பறக்கும், படியில் கால் தடுக்கும். வெல்க்ரோ வைத்த ஒட்டிக்கோ வேட்டியும் பெல்ட்டும் இருந்தால் கவலையில்லை. காலில் ரப்பர் செருப்பு வேண்டாம், தோல் செருப்போ ஷூவோ போதும். மடித்துக் கட்டிக்கொண்டு உணவுக்கூடத்துக்குள் போகக் கூடாது. லுங்கி அறையோடு நிற்கட்டும்.

நைட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் காலை முழுக்க நைட்டி சாதாரணம், கப்பலில் அது தூங்கும் உடை. காலை பஃபேக்குக்கூட அதோடு போவது சரியல்ல. அதேபோல் நீச்சல் உடை, கையில்லாத பனியன், வெறுங்கால் எதுவும் உணவுக்கூடத்துக்கு ஆகாது. விதிக்குப் பொருந்தாமல் வந்தால் வாசலிலேயே நயமாக நிறுத்தி, மாற்றிக்கொண்டு வரச் சொல்வார்கள் அல்லது பஃபேயைக் காட்டுவார்கள். உடுத்திக்கொள்ளவே மனமில்லாத இரவில் பஃபேக்குப் போவதில் குறையொன்றும் இல்லை.

விருந்து இரவு பல கப்பல்களில் இரண்டாம் நாள், அதாவது முழு நாளும் கடலில் இருக்கும் நாளில் வரும்.

கேள்வி: உணவுக்கூடத்தில் இரண்டாவது தட்டு கேட்டால் பணம் போடுவார்களா?

முன்னுணவு, சூப், இனிப்பு எத்தனை கேட்டாலும் போடமாட்டார்கள். முக்கிய உணவுக்குத்தான் சில இடங்களில் வரம்பு: கார்னிவலில் ஒரே ஆள் மூன்றாவது முக்கிய உணவு கேட்டால் கட்டணம் உண்டு, ராயல் கரீபியனில் லாப்ஸ்டர் ஒன்றுக்கு மேல் போனால் கட்டணம்.

கேள்வி: நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டும் மதுபான பேக்கேஜை முன்கூட்டியே வாங்கினால் லாபம் என்கிறார்கள். நான் மட்டும் குடிப்பேன், மனைவிக்குப் பழக்கமில்லை.

உங்கள் நிலையில் வாங்காதீர்கள். ராயல் கரீபியன் உட்படப் பல நிறுவனங்களில், ஒரே அறையில் ஒருவர் மதுபான பேக்கேஜ் எடுத்தால் அறையிலுள்ள மற்ற பெரியவர்களும் எடுத்தாக வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு பேக்கேஜ் நாளுக்கு 75 டாலர் என்று வைப்போம். அதன்மேல் 18 சதவீத சேவைக் கட்டணம் சேர்ந்து 88.50. இருவருக்கு ஏழு நாளுக்கு 1,239 டாலர். தனித்தனியாக வாங்கினால் 14 டாலர் காக்டெயில் சேவைக் கட்டணத்தோடு 16.52. நீங்கள் ஒருவரே பேக்கேஜ் எடுக்க முடிந்தாலும் நாளுக்கு ஆறு கோப்பை குடித்தால்தான் முதல் தேறும். மனைவியின் பங்கையும் சேர்த்தால் பதினொன்று. அலாஸ்காவில் பல நாள் காலையிலிருந்து மாலைவரை கரையில்தான் இருப்பீர்கள், அந்த நாட்களுக்கும் காசு ஓடிக்கொண்டிருக்கும்.

குடிதண்ணீர், சாதாரண காபி, டீ, ஐஸ் டீ ஆகியவை டிக்கெட்டிலேயே உண்டு. காலையில் ஜூஸும் கிடைக்கும். குளிர்பானமும் லாட்டே வகைக் காபியும்தான் தனிக் கட்டணம். ராயல் கரீபியன், கார்னிவல் இரண்டிலும் ஏறும் நாளில் வயது வந்த ஒவ்வொருவரும் 750 மில்லி வைன் ஒரு புட்டி கைப்பையில் கொண்டுவரலாம். அறையில் திறந்து குடித்தால் செலவில்லை, உணவுக்கூடத்துக்குக் கொண்டுபோனால் மூடி திறக்கும் கட்டணம் கேட்பார்கள். 'இலவச பானம்' என்று விளம்பரம் பார்த்தால், அதன் முழு விலைக்குச் சேவைக் கட்டணம் வாங்குகிறார்களா என்று பில்லில் பாருங்கள். ஒரு வாரத்துக்கு இருநூறு, முந்நூறு டாலர் அப்படித்தான் ஏறுகிறது.

கேள்வி: டிப்ஸ் எவ்வளவு? கையில் கொடுக்க வேண்டுமா?

நாளுக்கு ஒருவருக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் தானாகவே கணக்கில் ஏறும். குழந்தைக்கும் பல கப்பல்களில் உண்டு. நான்கு பேர் குடும்பத்துக்கு வாரத்தில் ஐந்நூறு டாலரை ஒட்டி வரும், ஆகவே டிக்கெட் விலையை ஒப்பிடும்போதே இதையும் கூட்டிக்கொள்ளுங்கள். சிலர் வரவேற்பு மேசையில் சொல்லி இதை நீக்கிவிடுகிறார்கள். அறையைச் சுத்தம் செய்பவரும் பரிமாறுபவரும் பெறும் வருமானத்தில் பெரும்பங்கு இதுதான், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஏமாறும் இடம் வேறு. பாரிலும் தனிக் கட்டண உணவகத்திலும் தரும் ரசீதில் 18 அல்லது 20 சதவீதம் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். அதற்குக் கீழே 'கூடுதல் டிப்ஸ்' என்று ஒரு காலி வரி இருக்கும். மேல்வரியைப் பார்க்காமல் கீழே இன்னொரு தொகை எழுதினால் இரண்டு முறை கொடுத்ததாகிவிடும். அங்கே ஒரு கோடு இழுத்து, மொத்தத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: முகவர் 200 டாலர் 'ஆன்போர்டு கிரெடிட்', அதாவது கப்பலில் செலவழிப்பதற்கான தொகை, தருகிறார். அதை எப்படிச் செலவழிப்பது?

முதலில் அது பணமாகத் திரும்பக்கூடியதா என்று கேளுங்கள். முகவர்கள் தருவது பெரும்பாலும் திரும்பாதது, கடைசி இரவுக்குள் தீர்க்க வேண்டும். மீதத்தைத் தீர்க்கக் கடைசி மாலையில் கடையில் வேண்டாத கைக்கடிகாரம் வாங்குவோரைக் கப்பல்தோறும் காணலாம். எளிய வழி: டிப்ஸை முன்கூட்டியே கட்டாமல் விடுங்கள். தினமும் கணக்கில் ஏறும் டிப்ஸ் அந்தக் கிரெடிட்டிலிருந்தே பொதுவாகக் கழியும்.

கேள்வி: அடிக்கடி பயணம் செய்வோருக்கான புள்ளிகளால் உண்மையில் பயன் உண்டா?

சேர இலவசம், ஆகவே சேருங்கள். ஒவ்வொருவரும் தன் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் தனித்தனியாகச் சேர்ந்து, ஏறும் முன்பே எண்ணை முன்பதிவில் பதிய வேண்டும். மகள் டிக்கெட் எடுத்ததால் பெற்றோரின் புள்ளி மகளுக்குப் போகாது. ஆனால் இதற்காகவே ஒரே நிறுவனத்தில் விலை கூடிய டிக்கெட் எடுக்காதீர்கள். ராயல் கரீபியனில் இரவுக்கு ஒரு புள்ளி, 'சூட்' எனும் பெரிய சொகுசு அறைக்கு இரண்டு. தினமும் நான்கு இலவச பானம் தரும் டைமண்ட் நிலைக்கு 80 புள்ளி வேண்டும். சாதாரண அறையில் ஏழு இரவுப் பயணம் பன்னிரண்டு முறை போனால்தான் அது. பிரின்சஸின் எலீட் நிலையில் துணி துவைத்துத் தருவது இலவசம், நீண்ட பயணத்துக்கு அது நல்ல சலுகை. அதற்கும் பதினைந்து பயணமோ கப்பலில் 150 நாளோ முடித்திருக்க வேண்டும்.

கேள்வி: கார்னிவல் நிறுவனத்தின் 100 பங்கு வைத்திருந்தால் கப்பலில் செலவழிக்கப் பணம் தருவார்களாமே?

உண்மைதான். 6 நாள்வரை 50 டாலர், 7 முதல் 13 நாளுக்கு 100, 14 நாளோ அதற்கு மேலோ என்றால் 250 என்று அறைக்கு ஒரு சலுகையாக இருந்துவருகிறது. அதே குழுமத்தைச் சேர்ந்த பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, குனார்டு கப்பல்களுக்கும் இது உண்டு. பங்கு வைத்திருப்பதற்கான சான்றோடு பயணத்துக்குச் சில வாரம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர் தவறாமல் கேட்டு வாங்கலாம். சலுகைக்காக மட்டும் புதிதாக வாங்க வேண்டாம்: பங்கு ஒரு டாலர் இறங்கினாலே 100 டாலர் போய்விடும். 2020 தொடக்கத்தில் 50 டாலரை ஒட்டி இருந்த அந்தப் பங்கு, அதே ஆண்டு ஏப்ரலில் 10 டாலருக்குக் கீழே போனது.