40,000 ரூபாய்க்குள் கேமிங் பிசி: எஸ்எம்பிஎஸ் முதலில், கிராபிக்ஸ் கார்டு கடைசியில்

கேள்வி: தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டான். வேலரன்ட், ஜிடிஏ 5 விளையாட கம்ப்யூட்டர் கேட்கிறான். மானிட்டரோடு சேர்த்து 40,000 ரூபாய்தான் முடியும். என்னென்ன பார்ட்ஸ் வாங்கலாம்?

2023இல் என் மாமா பையனுக்கு இதைவிடக் கொஞ்சம் குறைந்த தொகையில் அசெம்பிள் செய்து கொடுத்தேன். அதற்குப் பல வருடம் முன்னால் எனக்காக ஒன்று செய்து, அது ஒன்றரை வருடத்தில் எரிந்துபோனது. இரண்டையும் வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

எரிந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கேபினட் வாங்கினால் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பார்ட்டுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) சேர்ந்தே வரும் என்றார் கடைக்காரர். ஸ்டிக்கரில் 450 வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது. கையில் தூக்கினால் காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது, நான்தான் யோசிக்கவில்லை. மிச்சமான காசை ப்ராசசரில் போட்டேன். கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த ஒரு மே மாத ராத்திரி, 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு கருகல் வாடை. மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே போயின. அக்கா கல்யாணப் போட்டோக்கள் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. அதனால்தான் யார் கேட்டாலும் எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் சொல்கிறேன்.

ஸ்டிக்கரில் உள்ள பெரிய எண்ணை விடுங்கள். அதற்குக் கீழே உள்ள சின்ன அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான். அங்கே 36 ஆம்பியர் என்றிருந்தால், 12ஆல் பெருக்க 432 வாட்ஸ்; அது நிஜமான 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ். 17 ஆம்பியர் என்றிருந்தால் 204 வாட்ஸ்தான், ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் சரி. 80 பிளஸ் ப்ரோன்ஸ் (Bronze) என்ற மின்சிக்கனச் சான்றும் குறைந்தது மூன்று வருட வாரன்ட்டியும் உள்ளதாக எடுங்கள். 750 வாட்ஸ் எல்லாம் தேவையில்லை. ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட்ஸ், ஐ3-12100எஃப் ப்ராசசர் உச்சத்தில் 89 வாட்ஸ். மீதி எல்லாவற்றுக்கும் ஐம்பது சேர்த்தாலும் 271தான். நல்ல 450 தாராளம். 550 கிடைத்தால் பின்னால் பெரிய கார்டு போடவும் இடமிருக்கும்.

இன்னொன்று, வீட்டு பிளக்கில் மூன்றாவது ஓட்டைக்கு எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது என்று என்னிடம் சொன்ன வீடுகளில் எல்லாம் எர்த் சரியாக இல்லை.

இப்போது ப்ராசசர். உங்கள் தொகையில் மானிட்டரும் சேர்ந்திருப்பதால், புது கிராபிக்ஸ் கார்டை இந்த முறையே இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி எடுங்கள். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். பெயரின் கடைசியில் உள்ள அந்த 'ஜி'தான் முக்கியம். வேகா என்ற கிராபிக்ஸ் ப்ராசசருக்கு உள்ளேயே இருக்கிறது. வேலரன்ட் 1080பி குறைந்த செட்டிங்கில் நூறு ஃபிரேமுக்கு மேல் ஓடும். ஜிடிஏ 5ஐ செட்டிங்கைக் குறைத்து நன்றாகவே விளையாடலாம். இன்டெலில் கடைசியில் 'எஃப்' என்றிருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. விலை குறைவு என்று 12100எஃப் மட்டும் வாங்கி வந்து, மானிட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தவரை எனக்குத் தெரியும்.

5600ஜி எடுத்தால் ராமில் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, ராமையேதான் பங்கு போட்டுக்கொள்கிறது. 16 ஜிபி ஒற்றைக் குச்சியாகப் போட்டால் ஒரே சேனலில்தான் ஓடும். 8 ஜிபி குச்சி இரண்டு போட்டால் இரண்டு சேனல், போய்வரும் வழி இரட்டிப்பு. மாமா பையனின் மிஷினில் முதல் நாள் ஒரு குச்சியை மட்டும் போட்டுப் பார்த்தோம், கேம் திக்கித் திணறியது. இரண்டாவதைப் போட்டதும் வேறு கம்ப்யூட்டர் மாதிரி ஆகிவிட்டது. அப்படியே பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரை) போய் எக்ஸ்எம்பி-யை, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, ஆன் செய்யுங்கள். ஆன் செய்யாவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ராம் 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருக்கும், யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

2023இல் 16 ஜிபி ராம் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். 2025 கடைசியிலிருந்து நிலைமை மாறிவிட்டது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி போய்க்கொண்டிருப்பதால் ராம் விலை ஏறிவிட்டது. அதனால் 5600ஜி-க்கு வேண்டிய டிடிஆர்4 வகை ராமை செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். பழையதாக வாங்குவதில் ஓரளவு பயமில்லாத பார்ட் ராம்தான்: சுழலும் மோட்டார் இல்லை, தேய்வதற்கு ஒன்றும் இல்லை. மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதிக்கும் மென்பொருளைப் போட்டு ஒரு ராத்திரி ஓடவிட்டால் கெட்டதா நல்லதா என்று தெரிந்துவிடும்.

மதர்போர்டு ஏ520 போதும். பி550 வாங்கினால் பிசிஐஇ 4 (கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டோடு பேசும் வழியின் புதிய தலைமுறை) கிடைக்கும் என்பார்கள். ஆனால் 5600ஜி ப்ராசசரே பிசிஐஇ 3தான், போர்டு எதுவானாலும் அவ்வளவுதான். ராம் போட நான்கு ஸ்லாட் வேண்டுமென்றால் மட்டும் கூடுதல் காசு கொடுங்கள். பழைய பி450 போர்டு மலிவாக வந்தால், 5600ஜி இருக்கும் 5000 வரிசைக்கு பயாஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கடையிலேயே ஆன் செய்து பார்த்து வாங்குங்கள்.

500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று, முன்பக்கம் காற்றுப் போகிற வலை உள்ள கேபினட் ஒன்று, 1080பி ஐபிஎஸ் மானிட்டர் ஒன்று. இவற்றில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. கண்ணாடியும் கலர் லைட்டும் உள்ள கேபினட்டைத் தம்பி காட்டுவான். அந்தக் காசு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு.

கடையில் சிலர், "ஜிடி 730 போட்டுத் தருகிறேன், 4 ஜிபி கிராபிக்ஸ்" என்பார்கள். வேண்டாம். அது 2014இல் வந்தது. 5600ஜி உள்ளே இருப்பதே அதைவிட வேகம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகத் தெரியும். அதற்கு நான்கு பிசிஐஇ லேன்தான் (டேட்டா போய்வரும் பாதை), மெமரியும் 4 ஜிபிதான். பிசிஐஇ 3 ப்ராசசரோடு போட்டால் மெமரி நிரம்பும்போது கேம் வெட்டி வெட்டி ஓடும். ஆர்எக்ஸ் 6600க்கு எட்டு லேன், 8 ஜிபி. அதில் இழப்பு சொற்பம். பின்னால் வாங்குவதென்றால் அதைத்தான் சொல்வேன்.

செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 நிறைய வரும். அவற்றில் கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக ஓடியவை அதிகம். '2048எஸ்பி' என்று ஒரு வகையும் அதே பெயரில் விற்கிறது; அசல் 580இல் 2304 ஷேடர் (படம் வரையும் சின்னச் சின்னக் கோர்கள்), அதில் 2048தான். பென்டிரைவில் ஜிபியு-இசட் (கார்டின் விவரம் காட்டுவது), ஃபர்மார்க் (கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிப்பது) என்ற இரண்டு மென்பொருளையும் கொண்டுபோங்கள். முதலாவதில் ஷேடர் எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டாவதைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு வெப்பநிலையையும் ஃபேன் சத்தத்தையும் கவனியுங்கள். திரையில் புள்ளி புள்ளியாக மினுக்கினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஓட்டிக்காட்ட மறுப்பவரிடம் பேரம் பேசவே வேண்டாம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போவதென்றால் நான்கு கடையில் தாளில் கொட்டேஷன் வாங்குங்கள். ஒவ்வொரு பார்ட்டுக்கும் முழு மாடல் பெயர் எழுதச் சொல்லுங்கள். "16 ஜிபி ராம், 500 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் உள்ளே எதை வேண்டுமானாலும் போடலாம். "அந்த மாடல் ஸ்டாக் இல்லை தம்பி, இதுவும் அதேதான்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும். வாரன்ட்டிக்குப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள்.

மாமா பையன் ஒன்றரை வருடம் அந்த 5600ஜி-யிலேயே விளையாடினான். பிறகு பகுதி நேர வேலைச் சம்பளத்தைச் சேர்த்து ஆர்எக்ஸ் 6600 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தான். கேபினட் பக்கவாட்டைக் கழற்றி கார்டைப் பொருத்தினோம். முதல் நாளிலிருந்து சும்மா சுருட்டிக் கட்டி வைத்திருந்த 8 பின் கேபிளை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எடுத்துச் செருகினோம். மானிட்டர் வயரை மதர்போர்டிலிருந்து கார்டுக்கு மாற்றினோம். வேறு எந்தப் பார்ட்டையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.