1996 போர்தோ ஒயின்: பெயரைவிட பாட்டிலில் ஒயின் நிற்கும் மட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: பாரிஸில் வசிக்கிறேன். மகள் 1996-ல் பிறந்தவள். அவளுடைய 30ஆவது பிறந்தநாளுக்கு அதே வருடத்துப் போர்தோ சிவப்பு ஒயின் வாங்க ஆசை. ஒரே பெயர், ஒரே வருடம்தான், ஆனால் இணையத்தில் ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள். மலிவானதை வாங்கலாமா?

பதில்: வருடம் உங்களுக்கு நன்றாகவே அமைந்திருக்கிறது. 1996-ல் போர்தோவின் மெதோக் பகுதியில் கபர்னே சோவினியோன் திராட்சை அருமையாகப் பழுத்தது. அங்குள்ள பொய்யாக், சேன் ஜூலியான் என்ற ஊர்களின் நல்ல ஒயின்கள் முப்பது வருடம் தாராளமாகத் தாங்கும். மெர்லோ என்ற திராட்சை அதிகம் சேரும், போர்தோவின் இன்னொரு பகுதியான பொமெரோல் பக்கம் அந்த வருடம் அவ்வளவு சீராக இல்லை. மெதோக்கிலேயே தேடுங்கள்.

விலை மாறுவதற்கு முக்கியக் காரணம், பாட்டில் இத்தனை வருடம் எங்கே கிடந்தது என்பதுதான். 12, 13 டிகிரி குளிர்ச்சியில், இருட்டில், படுக்கவைத்த பாட்டில் வேறு. சமையலறை அலமாரியில் நிமிர்ந்து நின்ற பாட்டில் வேறு. நிற்கவைத்தால் தக்கை காய்ந்து சுருங்கும், காற்று உள்ளே போகும், ஒயின் கெடும். அதனால், ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரியும்படி, பாட்டிலின் பின்னால் விளக்கு வைத்து எடுத்த படம் கேளுங்கள். ஒயின் கழுத்தின் அடியிலோ, தோளின் (கழுத்துக்குக் கீழே பாட்டில் அகலமாகும் வளைவு) மேல்பகுதியிலோ நின்றால் இந்த வயதுக்குச் சரி. தோளின் பாதிக்கு இறங்கியிருந்தால், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்பான கறை இருந்தால் ஒயின் கசிந்திருக்கிறது. யாரிடம் வாங்கினார், எங்கே வைத்திருந்தார் என்பதற்கு விற்பவரிடம் தெளிவான பதில் இல்லையென்றால் அந்த பாட்டில் வேண்டாம்.

லாஃபித், லத்தூர் போன்ற புகழ்பெற்ற ஒயின் பெயர்களைத் துரத்தவும் வேண்டாம். போலிகள் அங்கேதான் அதிகம். 2008-ல் நியூயார்க்கில் ஒரு ஏலத்துக்கு, பிரான்சின் இன்னொரு ஒயின் பகுதியான பர்கண்டியில், பொன்சோ குடும்பம் க்ளோ சேன் தெனி என்ற தோட்டத்திலிருந்து எடுத்த ஒயின் என்று 1945 முதலான வருடங்கள் போட்ட பாட்டில்கள் வந்தன. அந்தக் குடும்பம் அந்தத் தோட்டத்து ஒயினைப் போட ஆரம்பித்ததே 1982-ல்தான்! போர்தோ ஒயின்களை ஐந்து படிகளாகப் பிரித்த 1855 தரவரிசையில் நான்காம், ஐந்தாம் படியில் இருக்கும் ஒரு பொய்யாக் ஊர் ஒயின், நன்றாகப் பாதுகாத்ததாகக் கிடைத்தால், அதைத்தான் நான் வாங்குவேன்.

கடைக்காரரிடம் இணையத்தில் வாங்கினால், கைக்கு வந்த 14 நாளுக்குள் திறக்காமல் திருப்பித் தர உங்களுக்கு உரிமை உண்டு. தனிநபர் விற்பனைக்கும் பொது ஏலத்துக்கும் அது பொருந்தாது. ஏலத்தில் கமிஷன் வேறு சேரும், கணக்குப் போட்டுவிட்டுக் கை தூக்குங்கள்.

கேள்வி: சரி, வாங்கியாயிற்று. எப்படித் திறப்பது?

பதில்: இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் தங்கட்டும். பழைய தக்கை திருகினால் உதிரும். இரண்டு தகடு உள்ள திறப்பானைப் பக்கவாட்டில் மெல்ல இறக்கி, சுழற்றி எடுங்கள். கழுத்துக்குக் கீழே விளக்கு வைத்து, வேறு குடுவைக்கு ஒரே சீராக ஊற்றுங்கள். கலங்கல் கழுத்துக்கு வரும்போது நிறுத்திவிடுங்கள். அப்புறம் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். முதிர்ந்த ஒயினின் வாசனை காற்றில் சீக்கிரம் போய்விடும். காரக்குழம்பைத் தள்ளிவைத்து, மசாலா குறைவாக வாட்டிய ஆட்டுக்கறியோடு பரிமாறுங்கள்.