வேறு வேலையில் இருந்துகொண்டே நிதி ஆலோசகராகத் தகுதி பெற முடியுமா?

கேள்வி கேட்டவர் ஐடி வேலையில் இருக்கிறார், வயது 36. வேலையை விடாமல் நிதி ஆலோசகர் ஆக முடியுமா, என்ன தேர்வு எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறார். முடியும். நான் ஆகியிருக்கிறேன், அதுவும் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவர்) வேலையை விடாமலே. எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர், "பகுதி நேர ஆலோசகர்கள் எல்லாம் அரைவேக்காடுகள், அவர்களிடம் பணத்தைப் பற்றிப் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் கை சும்மா இருக்கவில்லை.

தேர்வு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இருப்பதிலேயே சுலபமான பகுதி அதுதான். இதில் இரண்டு பாதை உண்டு, பலர் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், அதாவது ஃபண்டை விற்றுக் கமிஷன் வாங்குகிறவர். பங்குச் சந்தைக் கல்வி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ஐந்து-ஏ தேர்வு எழுத வேண்டும்: 100 மதிப்பெண், 50 எடுத்தால் பாஸ், தப்பான பதிலுக்கு மைனஸ் கிடையாது. பாஸ் செய்ததும் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிந்து ஏ.ஆர்.என். என்ற விநியோகஸ்தர் பதிவு எண் வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர், அதாவது வாடிக்கையாளரிடமே கட்டணம் வாங்கி யோசனை சொல்கிறவர். அதற்கு பத்து-ஏ, பத்து-பி என்று இரண்டு தாள்கள். ஒவ்வொன்றுக்கும் 150 மதிப்பெண், 60 சதவீதம் எடுத்தாக வேண்டும், தப்பான பதிலுக்குக் கால் பங்கு போய்விடும். சான்றிதழ் 3 வருடத்துக்குத்தான் செல்லும். சி.எஃப்.பி. என்ற நிதித் திட்டமிடல் படிப்பை முடித்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நல்ல படிப்புதான், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு செபி பதிவு வந்துவிடாது.

விநியோகஸ்தராக இருந்துகொண்டு தன்னை "நிதி ஆலோசகர்" என்று போட்டுக்கொள்ளவும் கூடாது. 2020இல் செபி அதைத் தடுத்துவிட்டது. ஊரில் ஒட்டியிருக்கும் விசிட்டிங் கார்டுகளைப் பார்த்தால் அப்படித் தெரியாது, அது வேறு கதை.

இப்போது என் விஷயம். எங்கள் கம்பெனியில் எக்ஸெல் தெரிந்த, இங்கிலீஷில் மெயில் போடத் தெரிந்த ஆள் என்பதால், யார் வேலையை விட்டுப் போனாலும் பி.எஃப். ஃபாரத்தை என்னிடம்தான் கொண்டு வருவார்கள். பி.எஃப். பணத்தை எடுக்க 19, பென்ஷன் பணத்தை எடுக்க 10-சி, இந்த இரண்டையும் எத்தனை பேருக்கு நிரப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. திருப்பூரில் ஒரு கம்பெனியை விட்டு அடுத்த கம்பெனிக்குப் போகும்போதெல்லாம் பி.எஃப்.பைத் துடைத்து எடுத்துவிடுவது வழக்கம். "எடுக்காதீங்கண்ணா, பென்ஷனும் சேர்ந்து போயிரும்" என்று சொல்லிச் சொல்லியே பணத்தைப் பற்றிப் பேசுகிற ஆளாக நான் ஆகிவிட்டேன். அதற்கு ஒரு சான்றிதழும் இருந்தால் என்ன என்று தோன்றியது. முதலில் ஐந்து-ஏ எழுதி ஏ.ஆர்.என். வாங்கினேன். என் தங்கை, இரண்டு தோழிகள், எதிர் வீட்டு டீச்சர், அவ்வளவுதான் வாடிக்கையாளர்கள்.

செபி ஆலோசகர் ஆவது அப்போது எனக்கு எட்டாத விஷயம். 2020 விதிப்படி துறை சார்ந்த 5 வருட அனுபவம் வேண்டும். பையரின் (துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி) கமெண்ட்ஸுக்கும் டையிங்காரர் சொல்லும் சாக்குக்கும் நடுவில் நான் ஓட்டிய காலத்தையெல்லாம் செபி அனுபவமாக எடுத்துக்கொள்ளாது. 2024 டிசம்பரில்தான் கதவு திறந்தது. அனுபவ நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பகுதி நேர ஆலோசகர் என்று ஒரு வகையைக் கொண்டு வந்தார்கள். மற்ற வேலையில் நீங்கள் பிறர் பணத்தைக் கையாளக் கூடாது, முதலீட்டு யோசனை சொல்லக் கூடாது. ஒரே நேரத்தில் 75 வாடிக்கையாளர்களுக்கு மேல் போகக் கூடாது. நிகர மதிப்பு (கடன் போக மிஞ்சும் சொத்து) காட்டுவதற்குப் பதிலாக வங்கியில் டெபாசிட். ஆலோசகர் யாராக இருந்தாலும் 150 வாடிக்கையாளர் வரைக்கும் 1 லட்சம். ஆக, அரைவேக்காடு என்று எழுதிய நண்பருக்குச் சொல்கிறேன்: முழுநேரக்காரர் எழுதும் அதே இரண்டு தாள்களைத்தான் நானும் எழுதினேன். பகுதி நேரம் என்பதற்காக வினாத்தாளில் பாதியைக் கிழித்துக் கொடுக்கவில்லை.

படித்ததெல்லாம் ஃபினிஷிங் செக்‌ஷனில்தான். பையர் தரப்பிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருபவர் கார்ட்டனைப் பிரித்து பீஸ் பீஸாகப் பார்க்கிற வரைக்கும் நாம் பக்கத்தில் இருந்தாக வேண்டும், செய்வதற்கு வேலை இருக்காது. அந்த நேரத்தில் போனில் என்.ஐ.எஸ்.எம்.மின் பாடப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொள்வேன். அது இலவசமாகவே கிடைக்கிறது. பத்து-ஏயில் பணத்தின் கால மதிப்புக் கணக்கு (இன்றைய ரூபாய் நாளைக்கு எவ்வளவு பெறும் என்பது) பழகப் பழக வந்துவிடும். பத்து-பியில் வரிதான் படுத்தும். 2024 ஜூலை 23 முதல் விற்ற பங்குக்கு நீண்டகால ஆதாய வரி 12.5 சதவீதம், அதற்கு முன் 10. பழைய மாதிரித் தேர்வை யூடியூபில் பார்த்துவிட்டுப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

தேர்வை விடக் கஷ்டப்பட்டது கம்பெனியில் ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம் வாங்கத்தான். ஹெச்.ஆரில் இருக்கும் பையன், "எதுக்குங் மேடம், பாஸ்போர்ட்டுக்கா?" என்றான். விளக்கிச் சொன்னதும் அவன் பயந்துபோய் எம்.டி.யிடம் அனுப்பிவிட்டான். எம்.டி. கடிதத்தைப் படிக்கவே இல்லை. "என்னங்கம்மா, வேலையை விடறீங்களா? அந்த ஜெர்மன் ஆர்டரை யார் பார்க்கறது?" என்றார். விடவில்லை என்று நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் நானே டைப் செய்து கொடுத்த கடிதத்தை லெட்டர்பேடில் எடுத்து, சீல் வைத்துக் கொடுத்தார். கம்பெனி நேரத்தில் செய்யக் கூடாது என்று கையாலேயே ஒரு வரி சேர்த்தார். நியாயம்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் விட மாட்டேன். என் பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே இனிஷியல் போட விடமாட்டார்கள். ஆதாரில் கணவர் இனிஷியல். பி.எஃப்.பில் கல்யாணத்துக்கு முன்னால் இருந்த இனிஷியல். மூன்றும் நான்தான் என்பதை நிரூபிக்க நான் அலைந்த அலைச்சலில் இன்னொரு தாளே எழுதி பாஸ் செய்திருக்கலாம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று ஃபாரம் அடிக்கிறவர்கள் ஒருமுறையாவது தமிழ்நாட்டுப் பெயரைப் பார்த்திருப்பார்களா? இதில் பெண்களுக்கு மட்டும் கல்யாணம் என்று இன்னொரு ரவுண்டு. நீங்கள் ஆணாக இருந்தாலும் தேர்வுக்குப் பதிவதற்கு முன் ஆதாரையும் பானையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

சரி, தகுதி பெற்ற பிறகு என்ன ஆகும்? எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் ஒரு அண்ணா இருக்கிறார். 20 வருடம் வருடத்துக்கு 24,000 ரூபாய் கட்டிய எண்டோமென்ட் பாலிசி (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது) முதிர்ந்து 8.5 லட்சம் கைக்கு வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். "கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிருக்குங்கல்ல அம்மிணி?" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். லேப்டாப்பில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். வருடத்துக்கு 5.2 சதவீதம். கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்ப என்ற சீட்டு எவ்வளவுங்க?" என்றார். அவர் ஏலச்சீட்டில் எப்போதும் மூணாவது நாலாவது மாதத்திலேயே தள்ளுபடிக்கு ஏலம் எடுக்கிற ஆள். அது முதலீடே இல்லைங்கண்ணா, நீங்கள் வாங்குகிற கடன் என்றேன். அவர் வீட்டம்மா சமையலறையிலிருந்தே, "அதைத்தான் நானும் சொல்லிட்டிருக்கறேன்" என்றார். இரண்டு வருடத்தில் மகள் கல்யாணம் என்பதால் பாதிக்கு மேல் வங்கி டெபாசிட்டிலேயே வைக்கச் சொன்னேன். கிளம்பும்போது வெற்றிலை பாக்கோடு கவரில் கட்டணத்தை நீட்டினார். ரொக்கமாக வாங்கக் கூடாதுங்கண்ணா, வங்கி வழியாகத்தான் வர வேண்டும் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது, தான் பணத்தைக் குறைத்து வைத்துவிட்டதாக நான் சங்கடப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். மகள்தான் போனில் அனுப்பிவைத்தாள்.

அந்தப் பாலிசியைப் போட்டுக் கொடுத்தவர் யார் என்று கேட்டேன். மத்திய அரசு வேலையில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர், ஏஜென்சி மனைவி பெயரில். மத்திய அரசு ஊழியர்களின் 1964 நடத்தை விதிகளில் 15ஆவது விதியைப் படித்துப் பாருங்கள்: மனைவியோ குடும்பத்தாரோ நடத்தும் காப்பீட்டு ஏஜென்சிக்காக ஊழியர் ஆள் பிடிப்பதே விதிமீறல். இதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. கடிதம், டெபாசிட், தேர்வு எல்லாம் முடித்து வருகிற நாங்கள்தான் அரைவேக்காடு.

எல்லா ஏஜென்டுகளையும் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எனக்குத் தெரிந்தே நேர்மையான விநியோகஸ்தர்கள் இருக்கிறார்கள், நானே அப்படி இருந்தவள்தான். ஒருவர் ரெகுலர் பிளானில் (விநியோகஸ்தர் வழியாக வாங்கும் வகை) 10 லட்சம் வைத்திருந்து கமிஷன் 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வருடம் 10,000 ரூபாய் விநியோகஸ்தருக்குப் போகும். அது ஃபண்டின் செலவிலிருந்து போவதால் வாடிக்கையாளர் கண்ணில் எளிதில் படாது. அதே 10,000த்தை ஆலோசகர் வாய் திறந்து கேட்டால், "சும்மா ஒரு யோசனைதானே, அதுக்கும் காசா?" என்பார்கள். சொந்தக்காரர்கள் இதில் முதல் வரிசை. நாட்டில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் மொத்தமே ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள் என்றால் காரணம் தேர்வு கஷ்டம் என்பதல்ல. ஏ.ஆர்.என்.னையும் வைத்துக்கொண்டு ஆலோசகராகவும் இருக்க முடியாது, தனிநபர் என்றால் ஒன்றை விட்டாக வேண்டும். நான் ஏ.ஆர்.என்.னை விட்டேன். வருமானம் குறைந்தது. சம்பளம் ஒரு பக்கம் வருவதால்தான் அதை என்னால் தாங்க முடிந்தது, அதனால்தான் யாரிடமும் எதையும் விற்காமல் இருக்கவும் முடிகிறது.

ஆகவே நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது கமிஷனா கட்டணமா என்பதை. கமிஷன் என்றால் ஐந்து-ஏ. கட்டணம் என்றால் பத்து-ஏவுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்து, வெளி வேலை பற்றிய பிரிவு என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஐடி கம்பெனிகள் இதில் எங்கள் எம்.டி. மாதிரி ஒரு வரியோடு விடமாட்டார்கள். நான் பி.காம்., எனக்குப் பட்டம் பிரச்சினையாக இல்லை. நீங்கள் பொறியியல் படித்தவர் என்றால் பட்டப்படிப்பு நிபந்தனை இன்றைய தேதிக்கு என்ன என்று செபி தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், அதைத் தளர்த்திக்கொண்டே வருகிறார்கள். எந்த ஃபண்ட் நல்லது என்று மட்டும் கீழே கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மற்ற சந்தேகம் இருந்தால் கேளுங்கள். இந்த வாரம் ஷிப்மென்ட் இருக்கிறது, பதில் வர நாலு நாள் ஆகும்.