பெட்டகத்தில் கிடைத்த பட்டாளத்து நோட்டு

அன்புள்ள ஐயா,

கானாடுகாத்தான் வீட்டை ஒழுங்கு செய்தபோது எங்கள் ஐயாவின் பெட்டகத்தில் ஒரு பத்து ரூபாய் நோட்டு கிடைத்தது. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட இந்திய நோட்டுதான். ஆனால் அதன்மேல் ‘பர்மா ராணுவ நிர்வாகம், பர்மாவில் மட்டும் செல்லும்’ என்று ஆங்கிலத்தில் சிவப்பு மையில் அடித்திருக்கிறது. சண்டை ஓய்ந்தபின் ஐயா ரங்கூன் கடையைப் பார்த்துவரப் போனாராம். பட்டாளத்துக்கு நோட்டோடு என்ன வேலை?

வாசகி, காரைக்குடி

வணக்கம்.

கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் நடத்தப் போன குடும்பத்துக்கு இது எளிதாகப் புரியும். கடல் தாண்டிய ராணுவக் கட்டளையகம், அதாவது ஒரு வட்டாரத்துப் போரை நடத்தும் தலைமை, முதலாளி தன் கடையை நடத்த அனுப்பிய மேலாள் மாதிரி. முதலாளி அதிகாரம் கொடுத்த பவர் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவர் பலம்.

1940 நவம்பரில் பிரிட்டிஷார் சிங்கப்பூரில் தூரகிழக்குக் கட்டளையகம் வைத்தார்கள். தரைப்படையும் விமானப்படையும் அதன் பொறுப்பு, கடற்படை கிடையாது. பாதிப் பத்திரம்! பர்மாவின் பாதுகாப்பும் அங்கிருந்துதான். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் இறங்கியதும் பர்மாவை இந்தியாவிடம் தந்தார்கள், ஜனவரியில் பிரிட்டிஷ் தளபதி வேவல் ஜாவாவிலிருந்து நடத்திய நேசநாட்டுக் கூட்டுக் கட்டளையகத்திடம், பிப்ரவரியில் மறுபடி இந்தியாவிடம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் கைக்குப் போயிற்று. நம்மவர்கள் கணக்குப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு பர்மாவின் மேற்குக் கரையான அரக்கான் வழியாகவும் மணிப்பூர் எல்லையிலுள்ள தாமு வழியாகவும் இந்தியாவுக்கு நடந்தது அப்போதுதான்.

1943இல் அமைத்த தென்கிழக்காசியக் கட்டளையகத்தில் அதன் தலைவர் மவுண்ட்பேட்டனுக்கு முப்படையும் கிடைத்தது. தலைமையகம் 1944இல் டெல்லியிலிருந்து இலங்கையின் கண்டிக்குப் போனது. பேராதனைப் பூந்தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பர்மா போரை நடத்தினார்கள். ஆனால் ஆள், அரிசி, பயிற்சி எல்லாம் இந்தியப் படைத்தலைவர் ஆக்கின்லெக்கின் இந்தியக் கட்டளையகம் தரவேண்டும். கரையிறக்கும் கப்பல்களை ஐரோப்பாவுக்கு இழுத்துக்கொண்டார்கள். மேலாளுக்குப் பத்திரம் இருந்தது, பெட்டிச் சாவி வேறிடத்தில்.

சரி, உங்கள் நோட்டு. பிடித்த ஊரில் மறுநாளே அரிசி விற்க வேண்டும், திருடனை விசாரிக்க வேண்டும். சிவில் அரசு திரும்பும்வரை அதெல்லாம் ராணுவத்தின் தலையில். ஜப்பான்காரன் விட்ட நோட்டு செல்லாது என்றாகிவிட்டது. கொடுத்த கடனுக்கு அதை வாங்கிக்கொண்டவர்கள் வயிறு எரிந்தது தனிக் கதை. கையில் இருந்த இந்திய நோட்டின்மேல் அச்சடித்து 1945இல் புழக்கத்தில் விட்டார்கள். அந்த அக்டோபரில் பிரிட்டிஷ் கவர்னர் சிவில் அரசோடு ரங்கூனுக்குத் திரும்பினார். மலாயாவில் ராணுவ நிர்வாகம் 1946 ஏப்ரல்வரை நீடித்தது.

ஐயாவின் அந்த வருஷத்துப் பேரேடு அதே பெட்டகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டை மட்டும் லேமினேஷன் செய்துவிடாதீர்கள்.