‘ஒழி’ என்ற சொல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கொசு ஒழிப்பு, கொசு அழிப்பு இரண்டும் ஒன்றுதானே ஐயா?

நெருங்கிய சொற்கள்தான், ஆனால் ஒன்றல்ல. அழித்தால் இருந்த பொருளே சிதைந்து இல்லாமல் போகும். ஒழிவதற்கு அது இருந்த இடத்தை விட்டுப் போனாலே போதும்.

பெரியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அது உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. ஆனால் அந்த வைரஸ் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் உள்ள இரண்டு ஆய்வகங்களில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அதையும் அழித்துவிடலாமா என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது. நோய் ஒழிந்தது, கிருமி இன்னும் அழியவில்லை. இந்த வேறுபாட்டைத் தமிழில் இரண்டே வினைகளில் சொல்லிவிட முடிகிறது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கொசு விஷயத்துக்கு வருவோம். ஊரில் கொசுவே இல்லாமல் செய்வது ஒழிப்பு. தேங்கிய தண்ணீரில் மருந்து ஊற்றிப் புழுக்களைக் கொல்வது அழிப்பு.

எங்கள் பாட்டி “அண்டாவை ஒழிச்சு வை” என்பார். அது கொச்சையா?

கொச்சையே இல்லை, நல்ல பழைய வழக்கு. அண்டாவில் இருக்கும் சோற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் காலி செய் என்று பொருள். வாடகைக்கு இருப்பவரிடம் “வீட்டை ஒழித்துக் கொடு” என்பதும் அப்படித்தான். ‘ஓய்வு ஒழிச்சல் இல்லாமல்’ என்கிறோமே, அந்த ஒழிச்சலும் வேலையில்லாத காலி நேரம்தான். பாட்டி சொல்வதை அப்படியே சொல்லிப் பழகுங்கள்.

செய்யுள் இலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகையில் ‘ஒழிபியல்’ இருக்கிறது. அங்கே எதை ஒழிக்கிறார்கள்?

எதையும் ஒழிக்கவில்லை. ஒழிபு என்றால் எஞ்சியது. உறுப்பியல், செய்யுளியல் இரண்டிலும் சொல்லாமல் விட்டவற்றைத் திரட்டிச் சொல்லும் மூன்றாவது இயல் அது. விட்டுப் போனதற்கும் விடப்பட்டு நின்றதற்கும் ஒரே வினை பொருந்துகிறது. பழைய உரைகளில் ‘ஒழிந்தவை’ என்று வந்தால் ‘மற்றவை’ என்று படியுங்கள். ‘அழிந்தவை’ என்று படித்தால் பொருள் தலைகீழாகிவிடும். ‘நீ ஒழிய வேறு துணை இல்லை’ என்பதில் வரும் ‘ஒழிய’ கூட இந்த வழியில் வந்ததுதான்.

“மழித்தலும் நீட்டலும் வேண்டா உலகம் பழித்தது ஒழித்து விடின்” என்ற குறளில்?

அங்கே ‘கைவிடுதல்’ என்று பொருள். உலகம் பழிக்கும் செயலை நாமே விட்டுவிட்டால் மொட்டையும் வேண்டாம், சடையும் வேண்டாம். ‘குடியை விட்டொழி’ என்கிறோமே, அதே பொருள்.

கணினியில் டெலிட் செய்வதற்கு ‘ஒழி’ போடலாமா?

வேண்டாம். ‘நீக்கு’ போதும். திரும்ப மீட்கவே முடியாது என்றால் ‘அழி’ என்று போட்டு எச்சரியுங்கள்.

‘பணத்தை ஒழித்து வைத்தான்’ சரியா?

தவறு. மறைத்து வைத்தால் ‘ஒளித்து’, மறைந்துகொண்டால் ‘ஒளிந்து’. இரண்டுக்கும் ளகரம். செய்தித் தலைப்புகளில்கூட இந்தப் பிழை வருவது வருத்தமாக இருக்கிறது. பணத்தை ஒளித்தவனைப் பிடித்தால் பணம் கிடைக்கும், ஒழித்தவனிடம் என்ன கிடைக்கும்?