காதை அடைத்தால் தூக்கம் வருமா?

போன இதழில் ஒரு வாசகருக்கு, "சத்தம் தாங்கவில்லை என்றால் ஃபோம் இயர் பிளக் வாங்கி வைத்துப் பாருங்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். சத்தத்தைக் குறைக்கக் காதுக்குள் வைக்கும் மெத்தென்ற சின்ன அடைப்பான்தான் அது. அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் "வாங்கினேன், ஒன்றும் வேலை செய்யவில்லை" என்கிறார்கள், மீதிப் பேர் "காது கெட்டுப் போகாதா" என்று பயப்படுகிறார்கள். சரி, இந்த முறை முழுக்க அதுதான்.

நான் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து காலையில் வந்து படுத்தால் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மேளமும் மைக்கும் ஆரம்பித்துவிடுகிறது. மெடிக்கல் ஷாப்பில் ஆரஞ்சு நிற பிளக் வாங்கினேன். வைத்த ஐந்தாவது நிமிடம் தானாக வெளியே வந்து தலையணையில் கிடக்கிறது. பாக்கெட்டில் 33 என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். இதற்குப் பஞ்சே தேவலை.
— ஒரு வாசகி, தாம்பரம்

பஞ்சு தேவலை இல்லை. காதில் பஞ்சை வைத்தால் காற்றுப் படாது, அவ்வளவுதான். அதன் இழைகளுக்கு நடுவே சத்தம் தாராளமாகப் போய்வரும். உங்கள் பிளக்கிலும் பெரும்பாலும் குறை இருக்காது. அதை வைக்கும் முறையை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை, பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் படத்தை யாரும் பார்ப்பதும் இல்லை. பலரும் அப்படியே எடுத்து, கார்க் அடைப்பது மாதிரி காது வாசலில் அமுக்கிவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அது வெளியே வராமல் என்ன செய்யும்?

முதலில் கையைக் கழுவுங்கள். பிளக்கை விரல்களுக்கு நடுவில் வைத்து, விளக்குத் திரி உருட்டுவது போல மெதுவாக உருட்ட ஆரம்பித்து, போகப்போக அழுத்தத்தைக் கூட்டி, மடிப்போ சுருக்கமோ விழாமல் மெல்லிசாக்குங்கள். சுருக்கம் விழுந்தால் அந்தச் சுருக்கம் வழியாகவே சத்தம் உள்ளே வரும். வலது காதுக்கு வைக்கிறீர்கள் என்றால் இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், வலது காது மடலின் மேல்பகுதியைப் பிடித்து மேலேயும் பின்னாலுமாக இழுங்கள். காதுக் குழாய் நேர்க்கோடு கிடையாது, உள்ளே ஒரு வளைவு உண்டு. மடலை இழுத்தால் அது நேராகும். அந்த நேரத்தில் உருட்டிய பிளக்கைச் சட்டென்று உள்ளே விட்டு, விரல் நுனியால் 30 விநாடி அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கோட்டை விடுவது இந்த 30 விநாடியில்தான். ஃபோம் விரிந்து குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொள்ள அவ்வளவு நேரம் வேண்டும், அதற்கு முன்னால் கையை எடுத்தால் விரிகிற வேகத்தில் தன்னைத் தானே வெளியே தள்ளிக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் ஃபோம் இன்னும் இளகி வேகமாக விரியும், அதனால் உருட்டிய கையோடு வைத்துவிட வேண்டும். உருட்டி வைத்துக்கொண்டு யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால் அது பழைய உருவத்துக்கே திரும்பியிருக்கும்.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஒரு வழி: எதிரே நிற்பவர் உங்கள் முகத்தை நேராகப் பார்த்தால் பிளக்கின் முனை காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டு தெரியக் கூடாது. இன்னொன்று, மேளம் கேட்கும்போதே இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுகப் பொத்தி எடுத்துப் பாருங்கள். பொத்தும்போது சத்தம் நன்றாகக் குறைந்தால் பிளக் இன்னும் சரியாக உட்காரவில்லை, எடுத்துவிட்டு மறுபடி உருட்டுங்கள்.

அந்த 33 என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். என்.ஆர்.ஆர். என்று போட்டிருப்பார்கள், பிளக் எத்தனை டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைக்கும் என்று அமெரிக்காவில் ஆய்வுக்கூடத்தில் சரியாக மாட்டிவிட்டு அளந்த கணக்கு. அந்த ஊர் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியாஷ் 1998-இல் என்ன சொன்னது தெரியுமா, உருட்டி வைக்கிற ஃபோம் வகையாக இருந்தால் பாக்கெட்டில் போட்ட எண்ணில் பாதியைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடு என்றது. அதன்படி நமக்கு 15, 16 டெசிபல் குறையும் என்று எடுத்துக்கொள்ளலாம். இது கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியாகிவிட்ட மாதிரி இருக்கும், டெசிபல் கணக்கு அப்படி.

இருந்தாலும் மேளம் முழுக்க மறையாது. ஃபோம் கூர்மையான சத்தத்தை, அதாவது நாதஸ்வரம், மைக்கின் கீச்சு, பாத்திரச் சத்தம் இவற்றை நன்றாகத் தின்னும். தவிலின் அடி மாதிரி கனத்த சத்தம் கொஞ்சம் கடந்து வரும். சிலது எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது, அதற்கு எந்தப் பிளக்கும் பதில் சொல்லாது. அதனால் பிளக்கோடு சீலிங் ஃபேனையும் வேகமாக ஓட விடுங்கள். ஃபேனின் ஒரே சீரான இரைச்சல் வெளிச் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை மழுங்கடிக்கும், பிளக் இரண்டையும் சேர்த்துக் குறைக்கும். தூங்குகிறவரை எழுப்புவது பெரும்பாலும் திடீரென்று ஏறி இறங்குகிற சத்தம்தான்.

கடைசியாக, எல்லோர் காதும் ஒரே அளவு இல்லை. சின்னக் காதுக் குழாய் உள்ளவர்களுக்குச் சாதாரண அளவு உள்ளே போகவே போகாது, போனாலும் வலிக்கும். சின்ன அளவு கேட்டு வாங்குங்கள். மெடிக்கல் ஷாப்பில் இல்லாவிட்டால் ஹெல்மெட், கையுறை விற்கிற தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் கடைகளில் கிடைக்கும். அங்கே இரண்டு பிளக்கையும் கயிற்றால் இணைத்த வகையைக் கொடுத்தால் தூங்க அதை வாங்காதீர்கள், தூக்கத்தில் புரளும்போது கயிறு கழுத்தில் சிக்கும்.

இந்த ஃபோமை யார் கண்டுபிடித்தார்கள்? எங்கள் தாத்தா காலத்தில் மெழுகுதான் வைத்துக்கொள்வார்கள் என்று அப்பா சொல்கிறார்.
— ஒரு வாசகர், கும்பகோணம்

அப்பா சொல்வது நடந்திருக்கக் கூடியதுதான். மெழுகும் பஞ்சும் கலந்த காதடைப்பானை 1907-இல் ஜெர்மனியில் மாக்ஸ் நெக்வர் என்ற மருந்தாளுநர் ஓரோபாக்ஸ் என்ற பெயரில் வியாபாரமாகவே ஆரம்பித்துவிட்டார். ஃபோம் பிறகு வந்தது. 1967-இல் அமெரிக்காவில் நேஷனல் ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தில் ராஸ் கார்ட்னர் என்பவரும் அவர் குழுவும் இணைப்புகளில் உள்ள இடைவெளியை அடைக்க ஒரு பொருள் தேடிக்கொண்டிருந்தபோது, அமுக்கினால் அமுங்கி மெதுவாக விரிகிற இந்த ஃபோம் கிடைத்தது. 1972 வாக்கில் காதடைப்பானாகக் கடைக்கு வந்தது. காதைப் பற்றி யோசித்துச் செய்த பொருளே இல்லை இது.

என் கணவர் குறட்டைக்கு இது உதவுமா? பதினைந்து வருஷமாகப் போராடுகிறேன்.
— பெயர் வேண்டாம், மதுரை

ஓரளவு உதவும். குறட்டையில் கனத்த உறுமல் அதிகம், அதனால் முழுக்க நிற்காது, அடுத்த அறையில் யாரோ குறட்டை விடுவது போலத் தூரமாகப் போகும். அதுவே பலருக்குப் போதும்.

ஆனால் அம்மா, நீங்கள் காதை அடைப்பதற்கு முன்னால் ஒரு வாரம் அவர் குறட்டையைக் கவனித்துக் கேளுங்கள். சத்தமாக விட்டுக்கொண்டே வந்து திடீரென்று நின்று, சில விநாடி ஒன்றுமே கேட்காமல், பிறகு மூச்சுத் திணறுவது போல ஒரு பெரிய இழுப்பு இழுத்து மறுபடி ஆரம்பிக்கிறாரா? பகலில் டிவி முன்னால் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறாரா, காலையில் தலைவலி என்கிறாரா, பிரஷர் மாத்திரை போட்டும் கட்டுக்குள் வரவில்லையா? அப்படியானால் அது தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாக இருக்கலாம், ஸ்லீப் ஆப்னியா என்று டாக்டர்கள் சொல்வது. காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ நுரையீரல் டாக்டரிடமோ அழைத்துப் போங்கள், ஒரு இரவு தூக்கப் பரிசோதனை செய்து பார்த்துச் சொல்வார்கள். அந்த மூச்சு நிற்பதைக் கவனிக்கக்கூடிய ஒரே ஆள் பக்கத்தில் படுத்திருக்கும் நீங்கள்தான். முதலில் அவருக்கு வைத்தியம், அப்புறம் உங்களுக்குப் பிளக்.

பிளக் வைத்தால் வெளிச் சத்தம் குறைகிறது, ஆனால் உள்ளே 'கும்'மென்று இருக்கிறது. இதயத் துடிப்பு கேட்கிறது, எச்சில் விழுங்குவது கூட இடி மாதிரி கேட்கிறது. பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகர், ஈரோடு

பயப்பட வேண்டாம். எலும்பு வழியாகக் காதுக்கு வருகிற உடம்பின் சத்தம் வழக்கமாகக் காதுத் துவாரம் வழியாக வெளியே போய்விடும், வாசலை அடைத்ததும் உள்ளேயே சுற்றுகிறது. பிளக்கைக் கொஞ்சம் ஆழமாக வைத்தால் இந்தக் 'கும்' குறையும், மேலோட்டமாக வைத்தால்தான் அதிகம். சில இரவுகளில் பழகியும் போகும்.

ஏற்கெனவே காதுக்குள் 'ங்ங்' என்று இரைச்சல் இருப்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. வெளிச் சத்தம் குறையக் குறைய அந்த இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கும். அவர்களுக்குப் பிளக்கை விட ஃபேன் சத்தம் நல்லது.

தினமும் வைத்தால் காது கெடுமா? ஒன்றை எத்தனை நாள் வைக்கலாம்? கழுவலாமா?
— நான்கைந்து பேர் கேட்டிருக்கிறார்கள்

ஆரோக்கியமான காதென்றால் கெடாது. குறும்பி வழக்கமாகத் தானாக வெளியே நகர்ந்து வரும், தினமும் அடைத்தால் சிலருக்கு அது உள்ளேயே தேங்கி அடைப்பு ஏற்படலாம். காது மந்தமாகத் தோன்றினால் டாக்டரிடம் போய் எடுத்துக்கொள்ளுங்கள். பட்ஸை விட்டுக் குடைந்தால் இன்னும் உள்ளேதான் போகும்.

சீழ் வடிகிற காது, ஓட்டை விழுந்த செவிப்பறை, காது ஆபரேஷன் ஆனவர்கள், காதில் வலியோ அரிப்போ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். சர்க்கரை நோயாளிகள், அதிலும் வயதானவர்கள், கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், அவர்களுக்குக் காதுக் குழாயில் வரும் தொற்று எலும்பு வரைக்கும் போய்விடும் ஆபத்து உண்டு. அப்புறம் நம் ஊர் எண்ணெய்க் குளியல். சனிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, காதுக்குள் எண்ணெயும் தண்ணீரும் இருக்கும்போதே பிளக்கை வைத்து மூடினால், அந்த ஈரமும் சூடும் பூஞ்சைக்கு விருந்துச் சாப்பாடு. நன்றாகக் காய்ந்த பிறகு வையுங்கள்.

கழுவ வேண்டாம், கழுவினால் ஃபோம் இறுகி விரியாமல் போகும். அழுக்காகத் தெரிந்தாலோ, உருட்டினால் பழைய உருவத்துக்கு வர மறுத்தாலோ தூக்கிப் போடுங்கள். நான் சில நாளைக்கு ஒன்று மாற்றுகிறேன், ஒரு டீ வடை காசுதான். எடுக்கும்போது வெடுக்கென்று பிடுங்காதீர்கள், செவிப்பறை வலிக்கும். மெதுவாகத் திருகி, காற்று உள்ளே போனதும் இழுங்கள்.

ஹாஸ்டலில் இருக்கிறேன். இயர்பட்ஸில் மழைச் சத்தம் போட்டுத் தூங்குகிறேன். பிளக் அதைவிட நல்லதா? வைத்தால் அலாரம் கேட்காதே?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, இரைச்சலைத் தானே ரத்து செய்கிற இயர்பட்ஸ் பஸ் இன்ஜின், ஏசி மாதிரி சீரான உறுமலைத்தான் நன்றாக அடக்கும். பக்கத்துக் கட்டிலில் சிரிக்கிறவனை அடக்க ஃபோம்தான் கெட்டிக்காரன். அதோடு பக்கவாட்டில் படுத்தால் பட்ஸின் கெட்டி ஓடு காதை அழுத்திப் புண்ணாக்கும், ஃபோம் அமுங்கிக் கொடுக்கும்.

அலாரம் தலைமாட்டில் இருந்தால் பெரும்பாலும் கேட்கும். லீவு நாளில் ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டுப் பரீட்சை நாளில் நம்பு. சந்தேகமிருந்தால் கையில் அதிர்கிற வாட்ச்சில் அலாரம் வை. கைக்குழந்தை வேறு அறையில் தூங்கும் வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் காதை அடைத்துக்கொள்ளக் கூடாது, ஒருவர் மாற்றி ஒருவர்தான். படுக்கையில் கிடக்கும் பெரியவர்களைக் கவனிப்பவர்களுக்கும் இதே சட்டம். பிளக்கைச் சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், வாயில் போட்டு விழுங்கப் பார்ப்பார்கள்.

ராத்திரி பதினொன்றரைக்கு ஸ்பீக்கர் போடுகிறவனை விட்டுவிட்டு, என்னைக் காதை அடைத்துக்கொள்ளச் சொல்கிறீர்களே, இது என்ன நியாயம்?
— ஒரு வாசகர், விருதுநகர்

நியாயமே இல்லை. கோபத்தில் அர்த்தம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி போடக் கூடாது. பண்டிகைக் காலங்களில் மாநில அரசு நள்ளிரவு 12 வரை விலக்கு தரலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல்தான் வரம்பு, பகலில் 55. பகலில் போடுவதானாலும் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கோயில், மசூதி, சர்ச், கட்சிக் கூட்டம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் ஒரே விதி.

112-க்கு போன் போடுங்கள். நேரத்தைச் சொல்லுங்கள், தெருப் பெயரைச் சொல்லுங்கள், ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். போன் செய்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் ஸ்டேஷனில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், தெருவில் நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் உங்கள் ஒருவர் மேல் மட்டும் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். போலீஸ் வந்து நிறுத்த அரை மணி ஆகலாம், ஒரு மணி ஆகலாம், வராமலும் போகலாம். அதுவரைக்கும் பிளக்கை வைத்துக்கொண்டு படுங்கள், விடிந்ததும் வேலைக்குப் போக வேண்டியவர் நீங்கள்தானே.